குச்சி கை மாறிய மூன்று நாள்

மாமரத்தடியில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓரம் உடைந்ததென்று ஒதுக்கிப் போட்டிருந்த பலகை. அதில் கோடு கிழித்து ஐந்து கட்டங்கள் போட்டோம். காலை 10 மணி, 11.30, பிற்பகல் 2, 3.30, மாலை 5. நேரத்துக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. மேலே மட்டும் ஒரு வரி: "இன்று யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம்."

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், காலனியை ஒட்டிய தோப்பு ஒன்றில் நாங்கள் நடத்திய மூன்று நாள் பறையாட்ட முகாமின் இரண்டாம் நாள் அது. முதல் நாள் வழக்கம்போல ஆசான் கற்றுக்கொடுத்தார். குச்சி பிடிப்பது, நிற்பது, அடிப்படை அடிகள் என்று போனது. இரண்டாம் நாளை மட்டும் வந்தவர்களிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். வந்திருந்தவர்கள் 62 பேர். கல்லூரி மாணவர்கள், திருப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், நான்கைந்து பெரியவர்கள்.

மணி ஒன்பதரை ஆகியும் பலகையில் ஓர் எழுத்து விழவில்லை. சிலர் பலகைப் பக்கம் போய்ப் படித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல நழுவினார்கள். எங்களில் ஒருவர், "பேசாம ஆசானையே எடுக்கச் சொல்லிருவமா?" என்று காதோடு கேட்டார். அந்த நேரத்தில்தான் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, மொதக் கட்டத்துல எம்பேர எழுது."

"என்ன சொல்லித் தருவீங்க அப்பத்தா? அதையும் எழுதணும்ல."

பாட்டி கொஞ்சம் யோசித்தார். "குனியிறதுன்னு எழுது."

பறைப் பயிற்சி முகாம் நமக்குப் புதிதில்லை. பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ நடத்தியிருக்கிறோம், எத்தனையோ முகாம்களுக்குப் போயிருக்கிறோம். எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். வரிசையில் நிற்க வைப்பார். அவர் அடிப்பார், நாம் திருப்பி அடிப்போம். மூன்றாம் நாள் மாலை எல்லோரும் ஒரே நிறப் பனியன் போட்டு மேடையேறுவோம். படம் எடுத்துக்கொள்வோம். பறைகள் வேனில் ஏறும். மறுநாள் காலனியில் ஒரு சத்தமும் இருக்காது. அடிமைக் கருவியை விடுதலைக் கருவியாக்குகிறோம் என்று பேசிக்கொண்டே, ஒருவர் சொல்ல அறுபது பேர் வாய் மூடிக் கேட்கும் பழைய வகுப்பறையைத்தான் தோப்புக்குள் கொண்டுவந்து போட்டிருந்தோம்.

நவீன நாடகம் பயின்ற நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். வெளிநாடுகளில் நடனக்காரர்கள் கூடும் விதத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். 1972-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர், இரண்டு உடல்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒன்றின் எடையை ஒன்று தாங்கி, அந்த நேரத்தில் தோன்றியதை ஆடும் ஒரு முறையைத் தொடங்கினார். அந்த ஆட்டக்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு 'ஜாம்' என்று பெயர். அங்கே வகுப்பு எடுக்க ஒருவர், பார்க்க மற்றவர் என்ற பிரிவு இல்லை. (தொடுவதையே நடனமாக்கியிருக்கிறார்கள். தொடாமல் இருப்பதைச் சட்டமாக்கி வைத்திருந்த நாட்டில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது நமக்கு வேறு மாதிரிதான் இருந்தது.) 1980-களில் ஹாரிசன் ஓவன் என்பவர் கூட்டங்கள் நடத்த இதே போன்ற இன்னொரு வழியைக் கண்டார். நிகழ்ச்சி நிரலை வெறுமையாக விட்டுவிடுவது, வந்தவர்களே அதை நிரப்புவது. அதில் ஒரு விதி உண்டு. ஓர் இடத்தில் கற்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை என்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல் உன் கால்களால் நடந்து வேறு இடத்துக்குப் போகலாம்.

அந்தக் கால் விதியை முகாமில் சொன்னதும் முதலில் கைதட்டியவர்கள் பெண்கள். ஒருவர், "கூட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போனா திட்ட மாட்டீங்கள்ல?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இதற்காகக் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்றில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்திலும் குமரி மாவட்டப் பேச்சிலும் அந்தப் பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று எம்.ஏ. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்து நாங்களும் மதிப்பெண் வாங்கினோம். அந்த இரண்டு ஆண்டுகளில் யாரும் ஒரு பறையை வகுப்புக்குள் கொண்டுவந்து காட்டியதில்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

பத்து மணிக்குப் பாட்டி வந்து நின்றார். பறையை அவர் தொடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்று முடியைப் பிரிக்கிற மாதிரி கையை வைத்து, குனிந்து, விரலால் மண்ணில் ஊன்றி, பின்னால் ஓர் எட்டு வைத்தார். "இம்புட்டுத்தேன். செய்யிங்க." 62 பேரும் குனிந்தோம். பத்து நிமிடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். "நிமிந்தா கூலி இல்ல" என்றார் பாட்டி. எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

பிறகு அதே குனிவிலிருந்து பெண்களை வட்டமாகச் சுற்ற வைத்தார். பக்கவாட்டில் ஓர் எட்டு, குனிவு, நிமிரும்போது வலது கை மார்பில், அடுத்த நிமிர்வில் இடது கை. இழவு வீட்டில் பெண்கள் கூடி மாரடிக்கும் ஆட்டம் அது. நடவுக்கும் மாரடிக்கும் குனிவு ஒன்றுதான் என்பதை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் படித்ததில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஆசான் மெல்ல எழுந்து பறையை எடுத்து மாரடிப்பு அடியைப் போட்டார். இரண்டு சுற்று ஆனதும் அவரே நிறுத்திவிட்டார்.

"அக்கா, இன்னொரு தரம் மெதுவாப் போடுங்க. நாப்பது வருசமா இந்த அடிய அடிக்கிறேன். நாங்க தெருவுல நிப்போம், நீங்க வாசலுக்குள்ள சுத்துவீங்க. எந்த அடிக்கு எந்தக் காலுன்னு கிட்ட நின்னு பாத்ததே இல்ல."

பாட்டி மறுபடி ஆடினார். ஆசான் பாட்டியின் காலைப் பார்த்துப் பார்த்து அடியைத் திருத்திக்கொண்டார். அன்றைக்கு நடந்ததில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளாத, ஆனால் மறக்க முடியாத காட்சி அது. கடைசிப் பத்து நிமிடம் குலவை போடக் கற்றுக்கொடுத்தார். நாக்கைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். பையன்கள் பன்னிரண்டு பேர் முயன்றார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தோப்புக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

அதன்பிறகு பலகை மளமளவென்று நிரம்பியது. சாக்பீசுக்குச் சண்டை.

11.30-க்கு எழுதியிருந்தவர் செவிலியர் படிப்பு படிக்கும் மாணவி. தலைப்பு: நடை. அவர் தோப்பின் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டார். "கயித்துக்கு இந்தப் பக்கம் நம்ம தெரு. அந்தப் பக்கம் ஊர்த்தெரு. இங்கருந்து அங்க நடந்து போங்க. நடிக்க வேணாம். போற மாதிரி போங்க, போதும்" என்றார். பின்னணிக்கு ஒரே ஒரு பறை, ஒத்தையடி.

முதலில் பிள்ளைகள் விளையாட்டாக நடந்தார்கள். பிறகு பெரியவர்கள் நடந்தார்கள். கயிறு வந்ததும் ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார். இன்னொருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். ஒரு பெரியவர் இல்லாத சைக்கிளிலிருந்து இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு போனார். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஊரில் இன்றைக்கு அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்று அவர்களே பிறகு சொன்னார்கள். உடம்பு மட்டும் மறக்கவில்லை. இளம்பெண்களின் நடையில் வேறொன்று தெரிந்தது. கயிற்றைத் தாண்டியதும் வேகம் கூடியது, தலை குனிந்தது, புத்தகப் பை முன்பக்கம் வந்து மார்பை மறைத்தது.

எங்களோடு வந்திருந்த நண்பர்களில் ஊர்த்தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் முறை வந்தது. நடந்தார். கயிற்றைத் தாண்டினார். எதுவும் மாறவில்லை. பாதியில் நின்று, "எனக்கு என்ன மாத்துறதுன்னு தெரியலக்கா" என்றார். மாணவி, "மாறலேன்னா அப்படியே போங்க. அதையும் நாங்க பாக்கணும்" என்றார். அவர் அப்படியே நடந்து முடித்தார். ஒருவரும் பேசவில்லை.

அடுத்து அந்த மாணவி செய்ததுதான் ஆட்டம். எல்லோரும் தங்கள் நடையைத் திருப்பிப் போட வேண்டும். ஊர்த்தெரு முடிவிலிருந்து தொடங்கி, கக்கத்துத் துண்டு தோளுக்கு, கைச்செருப்பு காலுக்கு, இறங்கிய வேட்டி முழங்காலுக்கு, குனிந்த தலை நிமிர்வதற்கு. ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடி. முதலில் மெதுவாக, பிறகு ஒத்தையடி இரட்டித்து வேகம் பிடித்தது. அரை மணி நேரத்தில் அறுபது பேரும் வரிசையாக நின்று ஆடும் ஒரு முழு அடவு உருவாகிவிட்டது. ஆசான் அதற்குப் பெயர் வைக்கச் சொன்னார். 'செருப்படவு' என்று ஒரு பையன் கத்தினான். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. இரண்டு மணிக் கட்டத்தில் திருப்பூரில் வெல்டிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், 'பறை இல்லாம' என்று எழுதியிருந்தார். முந்தின இரவுத் தூறலில் தோல் தளர்ந்திருந்ததால் பிள்ளைகள் சருகு கூட்டித் தீ மூட்டிப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் தீயை அணைக்கச் சொன்னார். எல்லாப் பறைகளையும் தோல் கீழே படும்படி தரையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"எங்கப்பா பறையக் கெணத்துல போட்டாரு. எனக்கு அப்ப ஒம்பது வயசு. ஒரு எழவுக்கு ராத்திரி முழுக்க அடிச்சிருக்காரு. விடிஞ்சதும் தரையில எலை போட்டு, மிஞ்சுன சோத்த வச்சிருக்காங்க. அதோட வந்து கெணத்துல போட்டுட்டாரு. வேலை போச்சு, பேச்சுவார்த்த போச்சு, ஊர விட்டே கெளம்புனோம். இப்ப நீங்க கலர் பனியன் போட்டு இதையே ஆடுனா கலைங்கிறீங்க. நான் இங்க வந்ததே எங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அழும்."

ஆசானின் முகம் மாறிவிட்டது. "அப்ப நான் அடிச்சதெல்லாம் எச்சச் சோத்துக்குன்னு சொல்றியாப்பா?" என்று எழுந்தார். குரல் உயர்ந்தது. எங்களில் சிலருக்கு உடனே குறுக்கே பேசி நிறுத்திவிடத்தான் தோன்றியது. கட்டத்தில் பெயர் எழுதியவருக்குத்தான் அந்த ஒன்றரை மணி நேரம் என்ற விதியை எங்களுக்கு நினைவூட்டியவர் காலைப் பாட்டி. "அவன் நேரம். அவன் பேசட்டும்."

இந்தச் சண்டை அந்தத் தோப்பில் பிறந்ததல்ல. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் தலித் போராட்ட வரலாற்றின் ஒரு பெரிய பகுதி. தென்னார்க்காட்டில் அந்த மறுப்பை முன்னெடுத்தவர்களில் எல். இளையபெருமாள் முக்கியமானவர். தீண்டாமையை ஆராய இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969-ல் அறிக்கை தந்தவர் அவர்தான். பல ஊர்களில் பறையைக் கொளுத்தியும் உடைத்தும் மக்கள் அந்த வேலையிலிருந்து வெளியேறினார்கள். அதற்காக வேலை இழந்தார்கள், அடி வாங்கினார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் போய், பறை நம் பெருமை என்று நாம் எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் பறையையும் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த பறையைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நம் காலனிகளில் வெடி போட்டார்கள். மறுத்தவர்களும் மீட்டவர்களும் எதிரெதிர் அணி என்று நாம் நினைப்பதில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில்தான் அடிப்பது கலையாக இருக்க முடியும். ஆனால் இந்த நியாயத்தைக் கட்டுரையில் எழுதுவது எளிது. கிணற்றில் பறையைப் போட்டவரின் மகன் முன்னால் நின்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த இளைஞர் மிச்ச நேரத்தை எப்படி நடத்தினார் தெரியுமா? பறை இல்லாமல் ஆட வைத்தார். காலால் தரையைத் தட்டி, தொடையில் தட்டி, வெல்டிங் பட்டறையில் சுத்தியல் விழும் கதியில், அடித்து நிறுத்தி, அடித்து நிறுத்தி. பாதியில் நான்கைந்து பேர் கால் விதியைப் பயன்படுத்தி எழுந்து போனார்கள். ஆசான் போகவில்லை. ஆடவும் இல்லை. கவிழ்த்து வைத்த தன் பறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றரை மணிக் கட்டத்தில் இரண்டு மாணவர்கள் சினிமாப் பாட்டுக்குச் சிலம்பக் கால்வைப்பைச் சேர்த்து ஏதோ செய்தார்கள். எல்லோருக்கும் அது தேவையாகவும் இருந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

ஐந்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கும்போது தோப்பு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஊரிலிருந்து இரண்டு பேர். ஒருவர் ஐம்பது வயதுக்காரர், மற்றவர் இளைஞர். மூத்தவர் இறங்காமலேயே, அறுபது வயது ஆசானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "என்னடா, இத்தன மேளத்த வச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கீங்க? பெரியவீட்டுக் கெழவி தவறிருச்சு. ஆள் கூட்டிட்டு வா."

ஆசான் அந்த ஊர்க்காரர்தான், காலனியில் மூன்றாவது வீடு. அவர் எழுந்து நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது. காலையில் அந்த மாணவி நடத்திய வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அந்தத் துண்டைத்தான் பார்த்தோம்.

"அந்தம்மா நல்லவுக. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து தெரியும். காலையில மாலை வாங்கிக்கிட்டு வந்து பாத்துட்டுப் போறேன். அடிக்க வரல."

பின்னால் இருந்த இளைஞர், "எவ்வளவுன்னாலும் தர்றோம்ணே" என்றார். அவர் 'அண்ணே' என்றதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பதில் சொன்னது ஆசான் இல்லை, வெல்டிங் தம்பி. "செட்டு வேணும்னா செட்டுக்குப் போன் பண்ணுங்க. நம்பர் தர்றோம். முன்பணம், வேன் வாடக, உக்காந்து சாப்பிட நாற்காலி, இவ்வளவு மணி நேரம்னு பேசிட்டு வருவாங்க. அடிக்கிறவங்கள வாங்க போங்கன்னு கூப்பிடணும்." மத்தியானம் பறையைக் கவிழ்க்கச் சொன்ன அதே ஆள், சாயங்காலம் பறைக்காரரின் கூலிக்கும் மரியாதைக்கும் பேரம் பேசினார். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் கை தட்டினோம். தட்டியிருக்கக் கூடாது. கை தட்டாதவர்கள் யாரென்று பார்த்தால், அந்தக் காலனிக்காரர்கள். இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பெண் எங்களிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க நாளைக்குச் சாயங்காலம் பறையத் தூக்கிட்டுப் போயிருவீங்க. அவுக தோட்டத்துலதான் நாங்க வெங்காயம் உரிக்கப் போறோம். ஆட்ட எங்க மேய்க்கிறது? யோசிச்சீங்களா?" நாங்கள் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. வந்தவர்கள் நடத்தும் வகுப்பு என்று திட்டம் போட்டபோது, வந்தவர்களைப் பற்றித்தான் கணக்கு வைத்திருந்தோம். அங்கேயே இருப்பவர்களை இடம் கொடுத்தவர்களாக, சமைத்துப் போடுகிறவர்களாக மட்டுமே நினைத்திருந்தோம். பலகையில் எழுதலாம் என்று அவர்களில் ஒருவரிடமும் நாங்கள் போய்ச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆசானின் வகுப்பை ரத்து செய்துவிட்டுப் பலகையை மறுபடி அழித்து வைத்தோம். முதல் கட்டத்தில் பெயர் எழுதியவர் அந்தப் பெண்தான். தலைப்பு எழுதவில்லை. காலனியிலிருந்து முப்பது பேராவது வந்து உட்கார்ந்தார்கள். பயப்படுவது எதற்கென்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வேலை, தண்ணீர், மேய்ச்சல், கடன், கடை. முகாமுக்கு வந்திருந்த சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எளிய தமிழில் பதில் சொன்னார்.

அவர் சொன்னதில் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்கும் பயன்படக்கூடியதை எழுதிவிடுகிறோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது குற்றம். 2015-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். பறையடிக்க மறுத்ததற்காக வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று ஊர் முடிவெடுத்தால் புகார் கொடுக்கலாம். 14566 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய உதவி மையத்தைக் கூப்பிடலாம். யார், எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன சொன்னார் என்பதை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நாள் கடந்தால் சாட்சி கரையும். அந்த நோட்டை வாங்கி, முந்தின நாள் ஐந்து மணிக்கு நடந்ததை முதல் பக்கத்தில் எழுதியவர், பாட்டிக்குப் பெயர் எழுதிக் கொடுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளை.

"சட்டம் இருக்கு சரி. நாளைக்கு வெங்காயத்துக்கு ஆள் கூப்பிடலேன்னா சாயங்காலக் கஞ்சிக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சட்ட மாணவரிடம் அதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர், தங்கள் பக்கம் நூறு நாள் வேலையும் தோட்ட வேலையும் எப்போது இருக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னார்கள். போன் எண்கள் கை மாறின. அன்று அவ்வளவுதான் முடிந்தது.

அதற்குள் ஆசான் துட்டி கேட்கப் போய்த் திரும்பியிருந்தார். பக்கத்து டவுனிலிருந்து ஒரு செட்டுக்காரர்கள் வந்து வாசித்துக்கொண்டிருந்தார்களாம், பைபர் தோல் போட்ட மேளம். "சத்தம் இருக்கு, பேச்சு இல்ல" என்றார். மாலையை வைத்துவிட்டுத் தெருவோரமாக நின்றிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் ஒருவர் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருக்கிறார். பந்தலுக்குள் இல்லை, வெளியே. உட்கார்ந்தாரா என்று கேட்டோம். "கொஞ்ச நேரம்" என்றார்.

கடைசியாக மாலையில் ஆட்டம். மேடை போடவில்லை. காலனித் தெருவிலேயே ஆடினோம். எந்த வரிசையில் எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யார் முன்னால் வருகிறாரோ அவர் கதி, மற்றவர்கள் பின்னால். நடவும் மாரடியும் வந்தன. செருப்படவு இரண்டு தடவை வந்தது. அதைக் காலனிப் பெரியவர்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள், புரிந்ததும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். வெல்டிங் தம்பி தொடையில் தட்டும் தன் ஆட்டத்தை ஆட வந்தபோது, ஆசான் பக்கத்தில் போய் நின்று, பறையைத் தொடாமல், அவரோடு சேர்ந்து தரையைக் காலால் தட்டினார். தம்பி கடைசிவரை குச்சியைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் காலனிக்குப் போயிருந்தோம். இரண்டு வீட்டுக்காரர்களை வெங்காயத்துக்குக் கூப்பிடுவது நின்றிருந்தது. மற்றவர்களுக்கு வேலை இருந்தது. நோட்டில் நான்கு பக்கம் நிரம்பியிருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருந்தார்கள், அதன் நகலும் ஒப்புகைச் சீட்டும் நோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முகாம் முடிந்தபோது பிள்ளைகள் கேட்டதற்காக இரண்டு பறைகளை விட்டுவிட்டு வந்திருந்தோம். ஒன்றின் தோல் முதல் வாரத்திலேயே கிழிந்துவிட்டதாம். ஆசான் புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, புதுத் தோல் இழுத்து ஒட்டிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு பிள்ளைகள் தோப்பில் கூடுகிறார்கள். இந்த வாரம் யார் சொல்லிக் கொடுப்பது என்று பலகையில் எழுதுகிறார்கள். நாங்கள் போன அன்று எழுதியிருந்த பெயர் ஓர் ஆறாம் வகுப்புப் பையனுடையது. தலைப்பு: குலவை.